ஐந்தாவது தலை

கேள்வி: வாஷிங்டன், ஜெஃபர்சன், ரூஸ்வெல்ட், லிங்கன் என்று நாலு அதிபர்களின் முகங்களைச் செதுக்கியிருக்கும் அமெரிக்காவின் ரஷ்மோர் மலையில் டிரம்ப் முகத்தையும் செதுக்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் ஒரு மசோதா வந்ததே! படத்தைப் பார்த்தால் வாஷிங்டன் முகத்துக்குப் பக்கத்தில் இடம் காலியாகத்தானே கிடக்கிறது? சட்டம்தான் குறுக்கே நிற்கிறதா?

பதில்: சட்டத்தைச் சமாளித்துவிடலாம். மலை தேசியப் பூங்காத் துறையின் பொறுப்பில் இருக்கிறது. அதிகாரிகள் நினைத்த மாத்திரத்தில் உளியைத் தூக்க முடியாது; இப்படிப்பட்ட வரலாற்றுச் சின்னங்களில் கை வைக்கும் முன் பாதிப்பை ஆராய வேண்டும் என்று 1966-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால் சட்டம் போட்ட நாடாளுமன்றமே வேறொரு சட்டம் போட்டு அதைத் தாண்டலாம். தடுக்க நினைத்தால் அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடிய சூசன் பி. அந்தோனியின் முகத்தைச் சேர்க்க 1937-இல் மசோதா வந்தது. ஏற்கெனவே தொடங்கிய தலைகளுக்கு மட்டுமே பணம் என்று நிதி ஒதுக்கீட்டில் ஒரு வரி சேர்த்தார்கள். கதை முடிந்தது.

சரி, உங்கள் காலி இடத்துக்கு வருவோம். ஜெஃபர்சனின் முகத்தை முதலில் அங்கேதான், வாஷிங்டனின் வலப்பக்கத்தில்தான், செதுக்கத் தொடங்கினார் சிற்பி போர்க்லம். ஏறக்குறைய ஒன்றரை வருட உழைப்பு. பாறை விரிசல் விட்டுக்கொண்டே போனது. கடைசியில், 1934-இல், பாதி உருவான முகத்தை டைனமைட் வைத்துத் தகர்த்துவிட்டு, வாஷிங்டனின் இடப்பக்கம் போய் மறுபடி ஆரம்பித்தார்கள். அதனால் லிங்கனின் முகமும் கல்வெட்டு வாசகத்துக்கு என்று வைத்திருந்த இடத்துக்கு நகர்ந்தது. ஆக, நாலு தலைக்கே இடம் தேடித் தவித்த மலை அது. இனிச் செதுக்கத் தகுந்த உறுதியான பாறை இல்லை என்று பூங்காத் துறையே சொல்லிவிட்டது. புதிதாகக் குடைந்தால் பழைய முகங்களில் இருக்கும் விரிசல் பெரிதாகலாம் என்ற பயம் வேறு.

இன்னொன்று. சின்னத்தைத் தொடாதே என்ற பேச்செல்லாம் அது சின்னமான பிறகுதான். 1927-இல் வெடி வைக்கும்போது, லகோட்டா என்ற பூர்வகுடி மக்கள் புனிதமாகக் கருதிய மலையாயிற்றே என்று யாரும் தயங்கவில்லை. அந்த நிலத்தை அரசு முறைகேடாக எடுத்துக்கொண்டது என்று 1980-இல் உச்ச நீதிமன்றமே சொல்லி இழப்பீடும் வழங்கச் சொன்னது. பணம் வேண்டாம், மலையைக் கொடு என்று அவர்கள் இன்னும் அந்த இழப்பீட்டைத் தொடாமல் இருக்கிறார்கள்.

இப்போது அங்கே நடக்கிற வேலை, ஆட்கள் கயிற்றில் தொங்கிக்கொண்டு விரிசல்களில் சிலிகான் பூசுவது. போர்க்லம் காலத்தில் கருங்கல் தூளும் ஆளி விதை எண்ணெயும் வெள்ளை ஈயமும் குழைத்து அடைத்தார்கள். ஐந்தாவது தலைக்கு ஆசைப்படுகிறவர்கள் அந்தக் கயிற்றில் ஒருமுறை இறங்கிப் பார்க்கட்டும்.