திருப்பூர்க் கோடையில் கிராபிக்ஸ் கார்டு விசிறி இரைவது ஏன்?

மார்கழியில் சத்தமே இல்லாதிருந்த ஆர்டிஎக்ஸ் 4090 கார்டு சித்திரையில் மாவு மில் போல இரைகிறதே, பழுதா என்று திருப்பூரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் பழுதில்லை.

அந்தக் கார்டு முழுச் சுமையில் 450 வாட் வரை மின்சாரம் இழுக்கும். அவ்வளவும் இறுதியில் வெப்பமாக மாறி, வெப்பக்குழாய்கள் வழியே மெல்லிய உலோகத் தகடுகளுக்குப் பரவி, விசிறிக் காற்றோடு வெளியேற வேண்டும். அறைக்காற்றின் வெப்பம் 10 பாகை கூடினால் கார்டின் சில்லின் (சிப்) வெப்பமும் ஏறத்தாழ அதே அளவு கூடும் என்பதால், அதை ஈடுகட்ட விசிறி வேகமெடுக்கிறது. வேகத்தைவிட இரைச்சல் மிக விரைவாக ஏறும். விசிறி வேகத்தை 20 சதவீதம் குறைத்தாலே சுமார் 5 டெசிபெல் குறைந்துவிடும்.

உங்கள் ஊருக்கே உரிய தொல்லை ஒன்றும் உண்டு. பனியன் கம்பெனிகளின் பஞ்சுத் துகள் தகடுகளுக்கிடையே படிந்து காற்றை அடைத்துவிடும் (நான் பார்த்த ஒரு கார்டில் அதைக் கம்பளி போல உரித்தே எடுக்க வேண்டியிருந்தது). கணினியை அணைத்து, விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு, காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள்.

அதன்பின் மின் வரம்பை (கார்டு இழுக்கக்கூடிய உச்ச வாட் அளவை) 80 சதவீதமாக்குங்கள். சில்லு வேகமாக இயங்க மின்னழுத்தத்தைக் கூட்ட வேண்டும்; மின்செலவோ மின்னழுத்தத்தின் வர்க்கத்திற்கேற்ப உயர்வதால், சில்லின் உச்ச வேகத்தின் கடைசிச் சிறு பகுதிக்கே மிகுதியான வாட் செலவாகிறது. அதை விட்டுக்கொடுத்தால் விளையாட்டில் எனக்கு வேறுபாடே தெரிவதில்லை. கீச்சென்ற ஒலி மட்டும் எஞ்சினால் அது விசிறியன்று, மின்சுருள்களின் அதிர்வு. பிரேம் எண்ணிக்கைக்கு (நொடிக்கு எத்தனை படங்கள் என்பதற்கு) வரம்பு வைத்தால் பெரும்பாலும் தணியும்.