அதே வசனத்தில் இன்னொரு சொல் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஸ்தோத்திரம். சிங்கப்பூரில் ஆணும் ஆணும் கொள்ளும் உறவைக் குற்றமாக்கியிருந்த சட்டப்பிரிவு 377ஏ பற்றிச் சென்ற மாதம் நீங்கள் எழுதியதைப் படித்தேன். திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் உரியது என்ற சபையின் போதனையை ஏற்பதாகச் சொல்கிறீர்கள். அந்தச் சட்டம் நீங்கியது நல்லது என்றும் எழுதுகிறீர்கள். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் ஏன்?

எனக்கு வயது 63. என் தங்கை மகனுக்கு 29. கடந்த கிறிஸ்துமஸ் விருந்தில், தான் ஓரினச்சேர்க்கையாளன் என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னான். எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் அவனுக்குச் சைக்கிள் ஓட்டப் பழக்கியவன் நான். கோபத்தில் சொல்லக்கூடாத ஒரு சொல்லால் அவனைத் திட்டிவிட்டேன். தட்டை வைத்துவிட்டு எழுந்து போனான். தங்கை என்னோடு பேசுவதில்லை. அடுத்த மாதம் அம்மாவுக்கு 90 வயது. பேரப்பிள்ளைகள் அத்தனை பேரும் வர வேண்டும் என்கிறார். அவனோடு ஒரே மேசையில் உட்கார்ந்தால் பாவத்துக்கு நான் உடன்பட்டதாகாதா? ‘அப்படிப்பட்டவனுடனேகூடப் புசிக்கவுங்கூடாது’ என்று பவுல் எழுதியிருக்கிறாரே. ஜெபித்தால் மாறிவிடுவான் என்று ஓர் ஊழியர் சொல்கிறார். அவரிடம் அழைத்துப் போகட்டுமா?

ஈசூனிலிருந்து ஒரு வாசகர்

*

அன்புள்ள அண்ணனுக்கு,

பெயரைப் போட வேண்டாம் என்றீர்கள், போடவில்லை. திட்டியதை மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் மற்றக் கடிதங்களை ஒதுக்கிவைத்துவிட்டு இதற்கு முதலில் பதில் எழுதுகிறேன்.

நீங்கள் எடுத்துக்காட்டிய வசனம் 1 கொரிந்தியர் 5:11. வேதாகமத்தைத் திறந்து அதை முழுதாக, வாய்விட்டு வாசியுங்கள். யாரோடு புசிக்கக்கூடாது என்று பவுல் ஒரு பட்டியலே தருகிறார்: விபசாரக்காரன், பொருளாசைக்காரன், விக்கிரகாராதனைக்காரன், உதாசினன், வெறியன், கொள்ளைக்காரன். இதில் முதல் சொல்லுக்குள் உங்கள் மருமகனை வைக்கிறீர்கள். நான்காவது சொல்லைப் பாருங்கள். இன்று நாம் உதாசீனம் என்றால் பொருட்படுத்தாமல் விடுவது என்று பொருள்கொள்கிறோம். நம் பழைய மொழிபெயர்ப்பில் உதாசினன் என்பவன் பிறரை வாயால் இழிவுபடுத்துகிறவன். கிரேக்க மூலச் சொல்லுக்கும் அதுதான் பொருள். ‘ஆண்புணர்ச்சிக்காரர்’ என்ற சொல் வருகிறதே, அடுத்த அதிகாரத்துப் பட்டியல், அங்கேயும் உதாசினர் இருக்கிறார்கள். எந்த வசனத்தைக் காட்டி அவனை எழுப்பி அனுப்ப முடியுமோ, அந்த வசனம் உங்களையும் அந்த மேசையிலிருந்து எழச் சொல்கிறது.

பொருளாசைக்காரரையும் குடிகாரரையும் விலக்கிவிட்டு நம் குடும்பங்களில் யாராவது விருந்து வைத்திருக்கிறோமா? தீபாவளிக்கு இந்து உறவினர் வீட்டுக்குப் போய் வயிறார உண்டுவிட்டுத்தானே வருகிறோம்? அதில் தவறே இல்லை. சபைக்கு வெளியே இருப்பவர்களைத் தீர்ப்பது தன் வேலையல்ல என்று அடுத்த வசனத்திலேயே பவுல் சொல்லிவிடுகிறார். அப்படியிருக்க இந்த ஒருவனுக்கு மட்டும் ஏன் நாற்காலி இல்லை?

உங்களைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. நானும் அந்தச் சொல்லுக்குள் இருந்தவன்தான்.

2014 ஜூன் இறுதியில் ஹோங் லிம் பூங்காவில், உங்கள் மருமகனைப் போன்றவர்களுக்கு ஆதரவு காட்டும் பிங்க் டாட் கூட்டம் நடந்தது. எதிர்ப்பைக் காட்ட வெள்ளை உடுத்துங்கள் என்று முதலில் ஒரு முஸ்லிம் சமய ஆசிரியரும், பிறகு சில கிறிஸ்தவப் போதகர்களும் கேட்டுக்கொண்டார்கள். நானும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஆராதனைக்குப் போனேன். எங்கள் சபையில் பாட்டுப் புத்தகம் கொடுப்பதற்காக வாசலில் ஓர் இளைஞர் நிற்பார். அன்று அவர் நீலக் கட்டம் போட்ட சட்டை அணிந்திருந்தார். என் சட்டையைப் பார்த்தார். வழக்கம்போல இரண்டு கைகளாலும் புத்தகத்தைத் தந்தார். கூடவே முதல் பாட்டின் எண்ணையும் சொல்வது அவர் வழக்கம். அன்று சொல்லவில்லை.

நான்கைந்து வாரங்களில் அவர் வருவது நின்றுவிட்டது. யாரும் போய் விசாரிக்கவில்லை. நானும் போகவில்லை. அவருடைய தாயார் மட்டும் வருவார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்து, தேநீருக்கு நிற்காமல் போய்விடுவார். இரண்டு ஆண்டுகள் கழித்து, தேக்கா சந்தையில் ஆட்டிறைச்சி வாங்க நின்ற வரிசையில் அந்த இளைஞரைப் பார்த்தேன். என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவரே பேசினார். “அண்ணே, வாசலில் இப்போது யாராவது பாட்டு எண் சொல்கிறார்களா? அம்மாவுக்குப் பார்வை மங்கிவிட்டது. பலகையில் இருப்பதை அவரால் படிக்க முடிவதில்லை” என்றார். அடுத்த ஞாயிறு முதல் அந்த அம்மாவுக்கு நான்தான் எண் சொன்னேன். நீங்கள் பழைய பொருளில் உதாசினராக இருந்தீர்கள். நான் இன்றைய பொருளில் இருந்தேன். மகனிடம் கேட்க வேண்டிய மன்னிப்பை நான் இன்னும் கேட்டு முடிக்கவில்லை.

இனி உங்கள் ஆறும் சேறும். 377ஏ நம் வேதத்திலிருந்து வந்த சட்டம் அன்று. 1885இல் பிரிட்டன் இயற்றிய ஒரு பிரிவை ஒட்டி, 1938இல் ஆங்கிலேயர் இங்கே கொண்டுவந்தது. ஆணும் ஆணும் கொள்ளும் உறவுக்கு இரண்டு ஆண்டுவரை சிறை. பெண்களைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. ரோமர் முதல் அதிகாரம் பெண்களையும் சேர்த்தே பேசுகிறது என்பது உங்களுக்குத் தெரியும். பத்துக் கட்டளைகளில் ஒன்றை மீறி, மணமானவர் இன்னொருவரோடு வாழ்ந்தாலும் சிங்கப்பூரில் சிறை இல்லை. அவர்களைச் சிறையில் அடையுங்கள் என்று எந்தப் போதகரும் பிரசங்கித்து நான் கேட்டதில்லை. மற்றப் பாவங்களையெல்லாம் மனந்திரும்புதலுக்கு விட்டுவிட்ட நாம், இந்த ஒன்றுக்கு மட்டும் காவல்துறையைக் கேட்டோம். எனக்கு அது சரியாகப் படவில்லை.

2007இல் நாடாளுமன்றம் அந்தப் பிரிவை வைத்துக்கொண்டது, ஆனால் அரசாங்கம் அதைச் செயல்படுத்தப்போவதில்லை என்றது. 2022 நவம்பர் 29ஆம் தேதி நாடாளுமன்றம் அதை நீக்கியது. திருமணத்தின் இப்போதைய வரையறையை அரசியலமைப்பு உரிமைகளைக் காட்டி நீதிமன்றத்தில் அசைக்க முடியாதபடி அரசியலமைப்பில் 156ஆவது பிரிவைச் சேர்த்ததும் அதே நாளில்தான். சபையின் போதனைக்கு ஒரு கீறலும் விழவில்லை. ஒருவனைக் குற்றவாளி என்று அழைக்கும் உரிமை மட்டும்தான் போயிற்று. அது போனதில் எனக்கு வருத்தமில்லை. இரண்டு காலையும் ஒரே தரையில் வைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

ஊழியரிடம் அழைத்துப் போகாதீர்கள். ஜெபத்தால் ஈர்ப்பை மாற்றலாம் என்று பல்லாண்டு உலகமெங்கும் ஊழியம் செய்த ‘எக்ஸோடஸ் இன்டர்நேஷனல்’ என்ற அமெரிக்கக் கிறிஸ்தவ அமைப்பு 2013இல் தன் கதவை மூடிக்கொண்டது. அதன் தலைவர் ஆலன் சேம்பர்ஸ் பாதிக்கப்பட்டவர்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். தான் சந்தித்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஈர்ப்பு மாறவில்லை என்பதை அவர் அதற்கு முன்பே ஒப்புக்கொண்டிருந்தார். அவர் நம் விரோதி அல்லர், நம்மைப் போல் விசுவாசிதான்.

‘ஓரினச்சேர்க்கையாளன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். சேர்க்கை ஒரு செயல். உங்கள் மருமகன் அன்று எந்தச் செயலையும் அறிவிக்கவில்லை. தன் மனம் யார்பக்கம் சாய்கிறது என்பதைத் தான் நம்பிய மனிதர்களிடம் சொன்னான். இப்போது தமிழில் தன்பாலீர்ப்பு என்ற சொல் புழங்குகிறது. ஈர்ப்பு வேறு, செயல் வேறு என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் பிரித்தே பேசுகிறது. செயலை ஏற்காத அதே நூல், இம்மனிதர்களை மரியாதையோடும் பரிவோடும் ஏற்க வேண்டும், அநியாயமாகப் பாகுபடுத்தக்கூடாது என்றும் கற்பிக்கிறது.

கிறிஸ்தவர்கள் எல்லோரும் இதில் ஒரே கருத்தில் இல்லை. மலேசியா, சிங்கப்பூர் மெதடிஸ்ட் சபையின் முதல் ஆசியப் பேராயர் யாப் கிம் ஹாவ், ஓய்வுபெற்ற பிறகு தன்பாலீர்ப்பாளர்களுக்காகவே வாதாடினார். 2017இல் மறையும்வரை அந்த நிலையிலிருந்து அவர் நகரவில்லை. திருமணத்தைப் பற்றி அவர் வந்து சேர்ந்த முடிவுக்கு என்னால் வர முடியவில்லை. அதற்காக அவர் விசுவாசத்தை நான் சந்தேகிக்க மாட்டேன். அதேபோல, சபையின் போதனையைப் பிடித்திருக்கும் உங்களை வெறுப்பாளர் என்று யாராவது சொன்னால் அதையும் ஏற்க மாட்டேன். நம்பிக்கையைக் குறித்துக் கேட்பவர்களுக்கு ‘சாந்தத்தோடும் வணக்கத்தோடும்’ பதில் சொல்லச் சொல்கிறார் பேதுரு. உங்கள் கருத்தை விடச் சொல்லவில்லை. அந்த வணக்கம் உங்கள் மருமகனுக்கு அன்று கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே மேசைக்கு முன்னால் வேறொரு வேலை இருக்கிறது. அவன் வீட்டுக்குப் போங்கள். தொலைபேசி வேண்டாம், நேரில் போங்கள். அந்தச் சொல்லுக்கு மன்னிப்புக் கேளுங்கள். உங்கள் நம்பிக்கைக்காக மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. அவன் கேட்டால் மாறவில்லை என்றே சொல்லுங்கள். கேட்காவிட்டால் நீங்களாக அந்தப் பேச்சை எடுக்காதீர்கள். அவன் கதவைத் திறக்காமலும் போகலாம். அப்படியானால் வந்து போனதைத் தங்கையிடம் சொல்லிவிட்டு, அடுத்த வாரம் மறுபடியும் போங்கள். அம்மாவின் பிறந்தநாளுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது.