வெளிநாட்டுப் பயணத்தில் நண்பரோடு ஒருநாள் ஊர் சுற்றிய அனுபவம் உண்டா?

உண்டு. ஆனால் பயணம் வந்தவர் நண்பர்தான், நான் இல்லை. அவருக்கு வெளிநாடு என்றால் எங்கள் ராயபுரம். நான் இன்னும் பாஸ்போர்ட்டே எடுக்கவில்லை.

எனக்குத் தம்புச் செட்டித் தெருவில் ஒரு க்ளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் வேலை, கப்பல் சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவிக்கிற தொழில். அவருக்கு மலேசியாவில், பினாங்கில் அதே தொழில். எட்டு வருஷமாக பில் ஆஃப் லேடிங், கன்டெய்னர் நம்பர் என்று போனிலேயே பழக்கம், முகம் பார்த்ததில்லை. போன ஜனவரியில் சொந்தக்காரர் கல்யாணத்துக்கு மெட்ராஸ் வந்தவர், "ஒருநாள் எனக்காக லீவு போடுங்க அண்ணே" என்றார். நானும் வழக்கம்போல மகாபலிபுரம் என்று ஆரம்பித்தேன். "அதெல்லாம் வேணாம். உங்க ஜார்ஜ் டவுனைக் காட்டுங்க. நானும் ஜார்ஜ் டவுன்காரன்தானே" என்றார்.

பினாங்கின் தலைநகர் பெயரும் ஜார்ஜ் டவுன்தான். அது 1786-ல் மூன்றாம் ஜார்ஜ் பெயரில் வைத்தது. நம்முடையது பிளாக் டவுனாக இருந்து, 1911-ல் ஐந்தாம் ஜார்ஜ் முடிசூடிய சமயத்தில் பெயர் மாறியது. அந்த ஐந்தாமவர் மூன்றாமவருக்கு எள்ளுப்பேரன். "அப்போ எங்க ஊருக்கு உங்க ஊர் எள்ளுப்பேரன் முறை" என்று சிரித்தார். எங்கள் செயின்ட் ஜார்ஜ் கோட்டை 1639-ல் தொடங்கியது என்று சொல்லி வாயை அடைத்தேன்.

விடியற்காலை நாலரைக்குக் காசிமேடு மீன்பிடித் துறைமுகம். நான் செய்த ஒரே தப்பு, என்ன செருப்பு போட்டு வர வேண்டும் என்று முந்தின நாளே சொல்லாதது. மனிதர் பளீரென்று வெள்ளைக் கேன்வாஸ் ஷூவில் வந்து இறங்கினார். ஏலத் திடலில் ஐஸ் உருகின தண்ணீரும் மீன் ரத்தமும் கணுக்கால் வரை ஓடும். கூடையைத் தலையில் வைத்துப் போன ஒரு அம்மா நின்று பார்த்துவிட்டு, "இன்னா நைனா, கல்யாணத்துக்கா வந்துகீற?" என்றார். உண்மையிலேயே அதற்குத்தான் வந்திருக்கிறார் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

ஏலத்தைவிட அவருக்குப் பிடித்தது மீன் பெயர்கள்தான். கானாங்கெளுத்தியைப் பார்த்ததும் "ஐ, கெம்போங்!" என்றார். கடம்பாவைத் தூக்கிக் காட்டினால் "சோத்தோங்". வஞ்சிரம் வெட்டுகிற பையன் இவர் எந்த ஊர்த் தமிழ் என்று குழம்பிப்போனான். குழப்பம் எனக்கும் வந்தது. மணி ஆறு இருக்கும். தோளில் கை போட்டு, "அண்ணே, தண்ணி சாப்பிடலாமா?" என்றார். காசிமேட்டில் இந்தக் கேள்விக்கு வேறு அர்த்தம். விடியலிலேயே இப்படிக் கேட்கிறாரே என்று சுற்றுமுற்றும் பார்த்தேன். மலேசியாவில் தண்ணி என்றால் டீயும்தானாம். டீக்கடையில் போய் 'தே ஓ' கேட்டார். பால் இல்லாத டீ என்று நான் மொழிபெயர்த்தேன். மாஸ்டர் முகத்தில் அவ்வளவு துக்கம்.

(இந்த இடத்துக்கு யாரையாவது கூட்டிப் போவதாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், நசுங்கிவிடுவீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது, திடல் வெறிச்சென்று கிடக்கும்.)

குழாயடியில் ஷூவைக் கழுவினார். வெள்ளை போனதே தவிர வாடை போகவில்லை. அந்த வாடையோடுதான் அன்று முழுக்கச் சுற்றினோம்.

இட்லிக் கடையில் அவர் 'பசியாற' உட்கார, நான் 'நாஷ்டா' பண்ண உட்கார்ந்தேன். பிறகு ராயபுரம் ஸ்டேஷன். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வாலாஜா ரோடு பக்கம் கிளம்பியது இங்கிருந்துதான். பம்பாயிலும் ஹவுராவிலும் ரயில் முன்னாடியே ஓடிவிட்டது. ஆனால் அங்கே முதலில் கட்டின ஸ்டேஷன்கள் இன்று இல்லை, இது மட்டும் தூண்களோடு நிற்கிறது. அவர் சுற்றிப் பார்த்துவிட்டு "ஆளே இல்லையே" என்றார். இல்லைதான். சென்ட்ரல் வந்த பிறகு இங்கே யார் இறங்குகிறார்கள்? ஐந்து நிமிஷத்தில் கிளம்பிவிட்டோம்.

அடுத்து அவர் முன்பே எழுதி வைத்திருந்த இடம், ஆர்மீனியன் தெரு. பினாங்கிலும் ஒரு ஆர்மீனியன் தெரு இருக்கிறது. எங்கள் தெருவுக்குத் தமிழில் என்ன பெயர் என்று கேட்டார். "அரண்மனைக்காரன் தெரு" என்றேன். "அரண்மனை எங்கே?" என்று தேட ஆரம்பித்துவிட்டார். ஆர்மீனியன் என்பது நம் ஆட்கள் வாயில் விழுந்து அரண்மனைக்காரன் ஆகிவிட்டது என்று சொன்னதும் நடுத்தெருவில் நின்று சிரித்தார். பின்னால் வந்த மீன்பாடி வண்டிக்காரர் எங்கள் இருவரையும் திட்டிவிட்டுப் போனார்.

அந்தத் தெருவில் பதினைந்து வருஷமாகத் தினமும் நடக்கிறேன், அங்கே இருக்கிற ஆர்மீனியக் கிறிஸ்தவக் கோயிலுக்குள் போனது அன்றுதான் முதல் தடவை. மரக்கதவைத் தாண்டினால் தெருச் சத்தம் பாதி குறைந்துவிடும். 1772-ல் கட்டின கோயில். தனியாக நிற்கும் மணிக்கூண்டில் ஆறு மணிகள். முற்றத்தில் கால் வைக்கும் இடமெல்லாம் கல்லறைப் பலகை, வளைந்து வளைந்து போகும் ஆர்மீனிய எழுத்து. ஒரு கல்லறை மேல் கல்லில் செதுக்கின புத்தகம் இருக்கும். அது ஹருத்யூன் ஷ்மாவோனியன் என்ற பாதிரியாருடையது. உலகத்திலேயே முதல் ஆர்மீனியப் பத்திரிகையான 'அஸ்தரார்' 1794-ல் வெளிவந்தது ஆர்மீனியாவில் இல்லை, இங்கே மெட்ராஸில். நடத்தியவர் இவர். வாட்ச்மேன் எல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார், இடையிடையே மூக்கைச் சுருக்கி எங்கள் காலைப் பார்த்தார். நான் காசிமேடு என்றேன். "தெரியுது சார்" என்றார்.

"எங்க ஆர்மீனியன் தெருவில ஆர்மீனியக் கோயிலும் இல்ல, கல்லறையும் இல்ல. சுவர்ல ரெண்டு பிள்ளைங்க சைக்கிள் ஓட்டற படம் இருக்கு. படம் பிடிக்க வரிசை நிக்கும்" என்றார் நண்பர். இங்கே அன்று எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. எது நல்லது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

காளிகாம்பாள் கோயில் அடுத்த தெருதான், ஆனால் நடை சாத்தியிருந்தார்கள். வெயில் ஏறியிருந்தது. ஹைகோர்ட் மதில் ஓரமாக நடந்து எம்டன் கல்வெட்டுக்கு வந்தோம். 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஜெர்மன் கப்பல் எம்டன் துறைமுகத்தின் மேல் குண்டு போட்டு எண்ணெய் டாங்கிகள் எரிந்த கதை நமக்கெல்லாம் மனப்பாடம். கெட்டிக்காரப் பையனை இன்னும் 'சரியான எம்டன்' என்கிறோம். நான் பெருமையாகக் கதையை முடித்ததும் அவர் மெதுவாக, "அடுத்த மாசம் எங்க ஊருக்குத்தான் வந்தான், அக்டோபர் 28. பினாங்கு துறைமுகத்திலேயே ஒரு ரஷ்யக் கப்பலை மூழ்கடிச்சான்" என்றார். எனக்குத் தெரியாது. இத்தனை வருஷமாக எம்டன் எங்கள் ஊர்ச் சொத்து என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம்தான் அவர் வந்த விஷயத்தைச் சொன்னார். அவருடைய பாட்டி 1953-ல் கல்யாணம் ஆகி ரஜூலா கப்பலில் மெட்ராஸிலிருந்து பினாங்கு போனவர். கப்பல் ஏறின இடத்தைப் பார்க்க வேண்டும். ரஜூலா 1926-லிருந்து எழுபதுகளின் தொடக்கம் வரை இந்த வழியில் ஓடின கப்பல். எங்கள் ஆபீஸ் பெரியவர்கள் இன்னும் அதைப் பற்றிப் பேசுவார்கள். ஆனால் ஹார்பருக்குள் போக எனக்குத்தான் பாஸ் இருக்கிறது, அவருக்கு இல்லை. ராஜாஜி சாலையில் மதிலுக்கு வெளியே நின்றோம். கிரேனின் தலை, கன்டெய்னர் அடுக்கு, லாரிப் புகை, அவ்வளவுதான் தெரிந்தது. எனக்கே சங்கடமாகிவிட்டது.

அவர் கவலைப்படவில்லை. பாட்டிக்கு வீடியோ கால் போட்டார். எண்பத்தெட்டு வயசு, காது மட்டும் மந்தம். மதிலைக் காட்டினார், பாட்டிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. போனைத் திருப்பி ஹைகோர்ட் கோபுரத்தைக் காட்டியதும், "அது மேல வெளக்கு எரியுமே! கப்பல்ல போறப்ப கடைசி வரைக்கும் அதான் தெரிஞ்சுது" என்றார். சரிதான். 1894-லிருந்து 1977 வரை அந்தக் கோபுரத்து உச்சிதான் மெட்ராஸின் கலங்கரை விளக்கம். மெரினாவில் இருப்பது அதற்குப் பிறகு வந்தது.

பாட்டி விடவில்லை. "அங்க வாசல்ல ஒருத்தி அவிச்ச வேர்க்கடல வித்தா. ரெண்டணா குடுத்தேன். மிச்சம் ஓரணா குடுக்கறதுக்குள்ள சங்கு ஊதிட்டான், எங்க வீட்டுக்காரர் கையப் புடிச்சு இழுத்துட்டுப் போயிட்டார். அவ இருக்காளா பாரு" என்றார். பேரன் தலையாட்டினான்.

பக்கத்தில் பர்மா பஜார். பர்மாவிலிருந்து வெறும் கையோடு திரும்பிய தமிழர்களுக்காக 1969-ல் வந்த கடைகள். அவர்கள் கொண்டுவந்ததில் செல்போன் கவர் விற்கும் இந்தக் காலத்திலும் மிச்சமிருப்பது அத்தோ. ஆரஞ்சு நிற நூடுல்ஸ், கோஸ், வெங்காயம், பூண்டெண்ணெய், புளித்தண்ணீர், நொறுக்கின பேஜோ (தட்டை மாதிரி மொறுமொறுப்பாக இருக்கும்) எல்லாவற்றையும் ஒரு கிண்ணத்தில் போட்டுக் கையாலேயே பிசைந்து கொடுப்பார்கள். கூடவே சூடாக வாழைத்தண்டு சூப். நண்பர் ரெண்டு தட்டு சாப்பிட்டார், இரண்டு மசாலா முட்டை தனி.

காசு கொடுக்கப் பர்ஸை எடுத்தார். கையைப் பிடித்துக்கொண்டேன். "வைங்க தம்பி. பாட்டிக்கு மெட்ராஸ் ஓரணா பாக்கி இருக்கு, அதுல கழிச்சுக்கலாம்."

"வட்டியோடவா அண்ணே?" என்று கேட்டுவிட்டு இன்னொரு சூப் சொன்னார்.