காந்தம் வைத்துப் பார்க்கிற பையன்

அன்புள்ள ஐயா,

சனிக்கிழமை என் அறையில் நீங்கள் கேட்ட கேள்விக்கு அப்போதே நிதானமாகப் பதில் சொல்ல முடியவில்லை. வெளியே இன்னொரு குடும்பம் காத்திருந்தது, உங்களுக்கும் கோபம் தணியவில்லை. "இவனைப் பன்னிரண்டாவது வரை படிக்கவைத்தது இரும்புக் கேட்டுக்கு வெல்டிங் வைக்கவா?" என்றீர்கள். கேட் செய்வதிலும் குறைவு ஒன்றுமில்லை. ஆனால் திருமுடிவாக்கத்தில் தன் மாமாவின் பட்டறையில் உங்கள் மகன் இரண்டு மாதம் பார்த்தது வேறு வேலை.

அங்கே வருபவை எல்லாம் தேய்ந்த சாமான்கள்: கல் உடைக்கும் கிரஷரின் தாடைத் தகடு, ஜேசிபி பக்கெட்டின் பல், இயந்திரத் தண்டு. தேய்ந்த இடத்தில் எளிதில் தேயாத உலோகத்தை உருக்கிப் படியவைத்து, பழைய உருவத்துக்குக் கொண்டுவருகிறார்கள். ஹார்ட்ஃபேசிங் என்று பெயர். மாட்டுக்கு லாடம் கட்டுகிற யோசனைதான். தேய்வதை லாடம் வாங்கிக்கொள்ளும், குளம்பு பிழைக்கும். லாடம் ஆணியில் நிற்கிறது, இது அடி உலோகத்தோடு உருகிப் பிடித்து நிற்கிறது.

நீங்கள் கைப்பேசியில் பேச வெளியே போன ஐந்து நிமிடத்தில், "ஒரு தகடு வந்தால் முதலில் என்ன செய்வீர்கள்?" என்று அவனிடம் கேட்டேன். மெஷினைப் போடுவோம், உருக்கிப் படியவைக்கிற வெல்டிங் ராடை எடுப்போம் என்பான் என்று நினைத்தேன். "காந்தம் வைத்துப் பார்ப்போம் சார்" என்றான்.

இந்தக் கடிதத்தை எழுதவைத்தது அந்தப் பதில்தான். கிரஷர் தாடை பெரும்பாலும் மாங்கனீசு எஃகு. ஆங்கிலேய உலோகவியலாளர் ராபர்ட் ஹாட்ஃபீல்டு 1882-இல் கண்டது. நூற்றில் 12 முதல் 14 பங்கு மாங்கனீசு இருக்கும். கல் மோத மோத அதன் மேல்தோல் இறுகிக்கொண்டே போகும். காந்தம் அதில் ஒட்டாது. அதை அதிகம் சூடாக்கவும் கூடாது: 260 டிகிரி செல்சியஸைத் தாண்டவிட்டால் நொறுங்குகிற குணம் வந்துவிடும். சிறிது வைத்து, ஆறவிட்டு, மறுபடி வைக்க வேண்டும். கரிமம் மிகுந்த எஃகுத் தண்டு வந்தாலோ எல்லாம் தலைகீழ். அதை முன்கூட்டியே சூடுபடுத்தாமல் தொட்டால் வெல்டிங்கின் ஓரத்திலேயே விரிசல் விடும். ஒன்றுக்கு மருந்தானது மற்றொன்றுக்கு நஞ்சு. வந்தது எது என்று தெரியாமல் ராடைத் தூக்குகிறவர் எத்தனை வருடம் அனுபவம் சொன்னாலும் சாமானைக் கெடுத்துவிடுவார்.

அடுத்து, எப்படித் தேய்ந்தது என்று பார்க்க வேண்டும். மணல் உரசித் தேய்ந்த பல்லுக்குக் குரோமியம் கார்பைடு என்ற மிகக் கடினமான படிவு நன்றாக உழைக்கும். ஓயாமல் அடி வாங்குகிற கிரஷர் சுத்தியலில் அதையே வைத்தால் சில்லுச் சில்லாகப் பெயர்ந்துவிடும். அங்கே கடினத்தைவிட அடி தாங்கும் குணமே முக்கியம். முதல் அடுக்கில் அடி உலோகமும் கலந்துவிடுவதால் முழுக் கடினம் கிடைக்காது, இரண்டாவது அடுக்கு வேண்டும். அதற்கு மேல் ஆசைப்பட்டு அடுக்கினால் உரிந்து விழும் ஆபத்து. குரோமியம் கார்பைடுப் படிவில் குறுக்கே மயிரிழை விரிசல்கள் இருப்பதைப் பார்த்துப் புதியவர் பதறுவார்; இறுக்கம் தளர்ந்ததன் அடையாளம் அது, பழுதில்லை. இவற்றையெல்லாம் உங்கள் மகன் அரைகுறையாகவாவது சொன்னான். கணக்கில் அவன் வாங்கிய மதிப்பெண்ணையும் பார்த்தேன். ஐயா, குறை புத்தியில் இல்லை.

இந்த அறிவுக்கு மேலே போக இடமும் இருக்கிறது. கல்பாக்கத்தில் வேக ஈனுலை என்கிற அணு உலையின் பாகங்களில் வழக்கமான கோபால்ட் கலவைக்குப் பதிலாக நிக்கல் கலவையைப் படியவைத்தார்கள். உலையில் கோபால்ட் கதிரியக்கம் பெற்றுவிட்டால் பின்னாளில் பழுதுபார்க்கப் போகிறவருக்கு ஆபத்து என்பது காரணம். மகாபலிபுரத்தைத் தாண்டிக் கல்பாக்கத்தில் நடக்கிற வேலையும் உங்கள் மைத்துனர் பட்டறை வேலையும் ஒரே குலம்.

இனி வழி. அம்பத்தூர் அல்லது கிண்டி அரசு ஐடிஐயில் வெல்டர் பிரிவு ஒரு வருடம்தான். கல்விக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்தவன் என்பதால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் 1,000 ரூபாய்க்கும் விண்ணப்பியுங்கள். முடித்ததும் பட்டறைக்கு ஓடவிடாதீர்கள். பெரம்பூர் ஐசிஎஃப் ரயில்பெட்டித் தொழிற்சாலை போன்ற இடத்தில் அப்ரண்டிஸ் பயிற்சி முடித்து அந்தச் சான்றிதழையும் வாங்கட்டும். திருச்சி பெல் வளாகத்தில் 1975 முதல் இயங்கும் வெல்டிங் ஆராய்ச்சி நிலையத்தில் குறுகிய காலப் பயிற்சிகள் நடக்கின்றன. கையில் கொஞ்சம் பழக்கம் வந்தபின் அங்கே போனால்தான் பயன். டிப்ளமோ படித்து, அங்கிருந்து பொறியியல் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்கிற வழியும் இருக்கிறது. ஆனால் அதை உங்கள் ஆறுதலுக்காக இன்றே அவன் தலையில் கட்ட வேண்டாம்.

உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிற இடம் உடம்பு. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். இந்த ராடுகளின் புகையில் மாங்கனீசும் குரோமியமும் இருக்கும். நுரையீரலுக்கும் நரம்புக்கும் கெடுதல். சில வருடங்களுக்கு முன் ஒரு மாணவனை நான் நம்பி அனுப்பிய பட்டறையில், மூக்கில் கட்டக் கைக்குட்டையைத் தவிர ஒன்றும் கொடுக்கவில்லை. அவன் அங்கே எட்டு மாதம் இருந்துவிட்டான். நான் நேரில் போய்ப் பார்த்திருக்க வேண்டும். ஆகவே உங்கள் மைத்துனரிடம் உறவு முறையைப் பாராமல் கேளுங்கள்: புகையை உறிஞ்சி வெளியேற்றும் விசிறி இருக்கிறதா, வடிகட்டியுள்ள முகமூடி தருகிறாரா? மழுப்பினால், ஐடிஐ சேரும்வரை பையன் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

வரும் சனிக்கிழமை காலை மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், ஆதார் நகல்களோடு இருவரும் வாருங்கள், விண்ணப்பத்தைச் சேர்ந்து நிரப்புவோம். அவன் அம்மாவையும் அழைத்து வாருங்கள். சென்ற முறை அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், நாம் இருவரும் விடவில்லை.