முன்பணம் கட்டலாமா?

அன்புள்ள சார்,

அருப்புக்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கெழுதுகிறேன். மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள், கட்-ஆஃப் 200க்கு 172. எங்கள் வீட்டில் காலேஜ் படிக்கப் போகும் முதல் ஆள் அவள்தான். பக்கத்துத் தனியார் கல்லூரியிலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கே வந்தார்கள். இப்போதே 25 ஆயிரம் கட்டினால் மேனேஜ்மெண்ட் கோட்டாவில் ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸ் சீட் உறுதியாம், நூறு சதவீதம் பிளேஸ்மெண்டாம். போன வருடப் பட்டியலைப் பார்த்தால் கவுன்சலிங்கில் காரைக்குடி அரசுப் பொறியியல் கல்லூரியில் டிரிபிள் ஈ (மின், மின்னணுப் பொறியியல்) கிடைக்கும் போலிருக்கிறது. கரண்ட் படிப்புக்கு இனிமேல் மவுசு இல்லை என்கிறார் என் மைத்துனர். என்ன செய்யட்டும்?

ர., அருப்புக்கோட்டை

அன்புள்ள ர.,

முன்பணம் கட்டாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம். முதல் பட்டதாரிக்கான கல்விக் கட்டணச் சலுகை கவுன்சலிங் வழியாகச் சேர்கிறவர்களுக்குத்தான். மேனேஜ்மெண்ட் சீட்டில் போனால் அது கிடையாது. வீட்டுக்கு வந்தவர்கள் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஏன் வீடு தேடி வருகிறார்கள் என்பதையும் யோசியுங்கள். 2024-25இல், ஒரு பாடப்பிரிவுக்கு இத்தனை இடம்தான் என்றிருந்த உச்சவரம்பை, பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி தரும் மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ. தளர்த்தியது. நல்ல பெயருள்ள கல்லூரிகள் கம்ப்யூட்டர் பிரிவுகளில் இடத்தைக் கூட்டிக்கொண்டன. முன்பு அங்கே இடம் கிடைக்காமல் சிறிய கல்லூரிக்கு வந்த பிள்ளைகள் இப்போது வருவதில்லை. அந்த நாற்காலிகளை யாராவது நிரப்ப வேண்டும் அல்லவா? இது என் கணிப்புதான்.

அடுத்தது அந்த நூறு சதவீதம். எதில் நூறு என்று கேளுங்கள். பெரும்பாலும் 'தகுதியுள்ள மாணவர்களில்' என்று பதில் வரும். பத்தாம் வகுப்பிலிருந்து அறுபது சதவீதத்துக்குக் குறையாமல், அரியர் இல்லாமல், பிளேஸ்மெண்டுக்குப் பெயரும் கொடுத்தவர்கள்தான் தகுதியுள்ளவர்கள். மீதிப் பேர் கணக்கிலேயே வருவதில்லை. ஒரே பையன் மூன்று கம்பெனியில் தேர்வானால் அதை மூன்று என்று எண்ணும் இடங்களும் உண்டு.

நீங்கள் கணக்கெழுதுகிறவர். உங்களுக்குப் பிடித்த மாதிரி ஒரு தாள் இருக்கிறது. மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் ஒவ்வொரு கல்லூரியும் தன் விவரங்களைத் தன் இணையதளத்திலேயே பி.டி.எஃப். ஆகப் போட்டு வைக்க வேண்டும். அதில் நான்காண்டுப் படிப்புக்கான அட்டவணையைப் பாருங்கள். ஒரே வரிசையில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் உரிய காலத்தில் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, எத்தனை பேர் மேற்படிப்பு, வேலை பெற்றவர்களின் இடைநிலைச் சம்பளம் எவ்வளவு என்று இருக்கும். உதாரணத்துக்கு 400 பேர் சேர்ந்து, 230 பேர் காலத்தில் முடித்து, 120 பேர் வேலைக்குப் போயிருந்தால் அந்தக் கல்லூரியின் நூறு சதவீதம் என்னவென்று உங்களுக்கே தெரிந்துவிடும். இடைநிலைச் சம்பளம் என்பது வரிசையில் நடுவில் நிற்கும் பிள்ளையின் சம்பளம். பிளக்ஸ் பேனரில் சிரிக்கிற பிள்ளை வரிசையின் முதல் ஆள். அந்தத் தாளே இல்லாத கல்லூரி என்றால் அதுவும் ஒரு தகவல்தான். கூடவே, அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் கல்லூரிவாரித் தேர்ச்சி விகிதத்தையும் பார்த்துவிடுங்கள்.

இப்போது உங்கள் மைத்துனருக்கு. கமுதியில் 2016இல் வந்த 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் உங்கள் ஊரிலிருந்து ஒன்றும் தொலைவில்லை. ஓசூர் பக்கம் மின்சார வண்டி செய்கிறார்கள். டேட்டா சென்டர் என்று சொல்வதெல்லாம் கரண்ட் தின்னும் கட்டடங்கள். டிரிபிள் ஈ படித்தால் மின்வாரிய உதவிப் பொறியாளர் வேலைக்கான தேர்வை எழுதலாம், கேட் என்ற தேசிய அளவிலான பொறியியல் தேர்வின் மதிப்பெண் வைத்து பவர்கிரிட் போன்ற பொதுத்துறை நிறுவனங்களுக்குப் போகலாம். பெரிய ஐ.டி. கம்பெனிகள் ஆயிரக்கணக்கில் ஆள் எடுக்கும்போது எல்லாப் பிரிவினரையும்தான் கூப்பிடுகின்றன. புதுப் பெயர் வைத்த படிப்புகளுக்கோ அரசு வேலை அறிவிப்பு வரும்போது இது எந்தப் படிப்புக்கு இணை என்ற வம்பு வந்துவிடுகிறது.

காரைக்குடியில் இன்னொன்றும் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து வரவழைத்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம், சிக்ரி. 1953இல் திறந்தார்கள். பேட்டரி ஆராய்ச்சியில் நாட்டின் முக்கியமான இடம். செட்டியார் பெயரில் உள்ள, நீங்கள் சொல்லும் அரசுக் கல்லூரி 1952இல் தொடங்கியது. பேட்டரி பற்றி நாடே பேசும் காலத்தில் அந்த ஊரில் நான்கு வருடம் இருப்பது சின்ன விஷயமில்லை.

அரசுக் கல்லூரியில் எல்லாம் தங்கத்தட்டு என்று சொல்ல மாட்டேன். காலிப் பணியிடங்கள் இருக்கும், பழைய கருவிகள் இருக்கும், வகுப்புக்கு வரவில்லை என்று யாரும் வீட்டுக்கு போன் செய்ய மாட்டார்கள். பைத்தான், சி போன்ற கம்ப்யூட்டர் மொழிகளையெல்லாம் அவளாகவே உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். துரத்தினால்தான் படிப்பாள் என்றால் யோசிக்க வேண்டும்.

அது எனக்குத் தெரியாது. ஏனென்றால் உங்கள் கடிதத்தில் மைத்துனர் என்ன சொல்கிறார் என்று இருக்கிறது, மகள் என்ன சொல்கிறாள் என்று ஒரு வரி கூட இல்லை. அவளுக்குக் கம்ப்யூட்டர்தான் ஆசை என்றால் நான் எழுதியதில் பாதியைத் தள்ளிவிட்டு, அந்தப் பிரிவுக்கே நல்ல கல்லூரிகளை அந்த அட்டவணை வைத்துத் தேடுங்கள்.

கவுன்சலிங்கில் எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் பதியலாம், வரிசைதான் முக்கியம். கிடைக்காது என்று நினைப்பதையும் ஆசை இருந்தால் மேலே போடுங்கள், அதனால் கீழே உள்ளது கைவிட்டுப் போகாது. சிக்ரியிலேயே ஒரு பி.டெக். இருக்கிறது, அதையும் பாருங்கள். ஒதுக்கீடு வந்ததும் உறுதிசெய்யக் குறைந்த அவகாசம்தான் தருவார்கள், அந்த நாட்களில் கடைக்கு லீவு சொல்லிவிடுங்கள்.