கர்நாடக சங்கீதத்தை நிஜமாகவே ரசிக்க முடியுமா? சினிமாப் பாட்டில் கிடைக்காத எது அதில் கிடைக்கிறது?

முடியும். நான் ரசிக்கிறேன். ஆனால் நாற்பது வயது வரை எனக்கும் இதே கேள்விதான் இருந்தது, அதுவும் கொஞ்சம் கோபத்தோடு. அதனால் 'நிஜமாகவே' என்று நீங்கள் போட்டிருக்கும் சொல் எனக்கு நன்றாகப் புரிகிறது. தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களே, உள்ளபடியே பிடிக்கிறதா, இல்லை பிடிப்பதாகக் காட்டிக்கொள்கிறார்களா என்ற சந்தேகம் அது.

என் அப்பா கும்பகோணத்துக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தார். காலையில் பலகையைக் கழற்றுவதற்கு முன்பே ரேடியோவைத் திருகிவிடுவார். இலங்கை வானொலி. பஞ்சர் ஒட்டும் பசையின் வாசனையும் சினிமாப் பாட்டும் எனக்கு ஒன்றாகவே நினைவில் இருக்கின்றன. எந்தப் பாட்டில் இரண்டாவது சரணத்துக்கு முன் புல்லாங்குழல் வரும், எதில் வயலின் வரும் என்று பத்து வயதிலேயே சொல்வேன். சாஸ்திரிய இசை என்று நான் கேட்டதெல்லாம் கோயில் திருவிழா நாதஸ்வரம் மட்டும்தான். சுவாமி புறப்பாட்டில் நாதஸ்வரம் ஊருக்கே பொது. யாரும் பக்கத்தில் நின்று கேட்கலாம். பாட்டுக் கச்சேரி அப்படி இல்லை. அது வேறு தெருக்காரர்களுடையது என்பது யாரும் சொல்லாமலே எங்களுக்குத் தெரிந்திருந்தது.

வேலைக்காகச் சென்னை வந்த பிறகு ஒரு டிசம்பரில் நண்பர் ஒருவர் ஒரு சபாவுக்கு அழைத்துப்போனார். பக்கத்து இருக்கைக்காரரிடம் "இது என்ன ராகம்?" என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இதுகூடத் தெரியாமலா கச்சேரிக்கு வந்தீர்கள்?" என்றார். பாதியில் எழுந்து வந்துவிட்டேன். பிறகு பதினோரு வருடம் எந்தச் சபாவின் வாசலையும் மிதிக்கவில்லை.

என்னைத் திரும்ப அழைத்துவந்தது என் மகளின் பாட்டு வகுப்பு. 2010இல் அவளுக்கு எட்டு வயது. சனி, ஞாயிறு காலையில் டீச்சர் வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு, மாடிப்படியில் செய்தித்தாளோடு உட்கார்ந்திருப்பேன். உள்ளே சரளி வரிசை, அதாவது ஸ்வரங்களை வரிசையாகப் பாடும் முதல் பாடம். எல்லாக் குழந்தைகளுக்கும் போல மாயாமாளவகௌளை ராகத்தில்தான் ஆரம்பம். முதல் இரண்டு மாதம் எனக்குத் தலைவலிதான் வந்தது. அதே ச ரி க ம, அதே சுருதிப் பெட்டி, அதே தாளம். டீச்சர் நிறுத்துவார். "ரி-யைத் தூக்காதே, கண்ணா. அதை ச-வுக்குப் பக்கத்திலேயே வை." மகள் மறுபடி பாடுவாள். "இன்னும் கொஞ்சம் கீழே." மறுபடி. ஒருநாள் அவள் பாடியபோது, டீச்சர் நிறுத்துவதற்கு அரை நொடி முன்பே, படியில் இருந்த எனக்கு அந்த ரி தவறு என்று தெரிந்துவிட்டது. எனக்கு யாரும் எதுவும் சொல்லித்தரவில்லை. காது தானாகக் கற்றிருந்தது. அன்று செய்தித்தாளைப் பிரிக்கவே இல்லை.

மகளுக்கு முந்தைய வகுப்பில் கல்லூரிப் பெண் ஒருத்தி பாடம் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு சனிக்கிழமை நாங்கள் சீக்கிரம் போய்விட்டோம். அவள் பாடிய வரி எனக்கு நன்றாகத் தெரிந்ததுபோல் இருந்தது. ஆனால் அது தெலுங்குப் பாட்டு. நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. என்ன அது, எங்கே கேட்டிருக்கிறேன் என்று மனம் அலைந்துகொண்டே இருந்தது. மகள்தான் கண்டுபிடித்தாள். "அப்பா, இது 'கண்கள் இரண்டால்' மாதிரியே இருக்கிறது" என்றாள். அவள் சொன்னதும் எனக்குள் வேறொரு கதவு திறந்தது: அப்பாவின் கடையில் நூறு முறை கேட்ட 'சின்னக் கண்ணன் அழைக்கிறான்'. 1977இல் இளையராஜா இசையில் பாலமுரளிகிருஷ்ணா பாடியது. மகளின் பாட்டு 2008இல் வந்தது. அந்தப் பெண் பாடிக்கொண்டிருந்தது சியாமா சாஸ்திரியின் மகன் சுப்பராய சாஸ்திரி 19ஆம் நூற்றாண்டில் இயற்றிய 'ஜனனி நின்னு வினா'. மூன்றும் ரீதிகௌளை ராகம்.

அந்த ராகம் படிக்கட்டில் ஏறுவதுபோல் நேராக ஏறாது. ச-விலிருந்து ரி-யைத் தாண்டி க-வுக்குப் போகும். பிறகு திரும்பி ரி-யைத் தொட்டுவிட்டு மறுபடி க, ம என்று நகரும். மேலே 'க ம நி நி ச' என்ற இடத்தில் அந்த நி-யில் ஒரு தயக்கம், பிறகு ச-வில் வந்து அமரும் நிம்மதி. கூப்பிட வந்தவர் வாசலில் ஒரு கணம் நின்றுவிட்டு உள்ளே வருவதுபோல் இருக்கும். என் காதிலும் மகள் காதிலும் பட்டது அந்த நடைதான். மெட்டு மூன்று பாட்டிலும் வேறு வேறு.

இனி உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதிக்கு வருகிறேன். சினிமாப் பாட்டில் ராகம் வரும்போது, பஸ்ஸில் ஓர் ஊர் வழியாகப் போகிறோம். ஜன்னலோரம் அழகான காட்சிகள் நகர்ந்துபோகின்றன: கோபுரம், குளம், வாய்க்கால் பாலம். கச்சேரியில் அதே ஊரில் இறங்கித் தெருத்தெருவாக நடக்கிறோம். ஆலாபனை என்று இருபது நிமிடம் சொல்லே இல்லாமல் பாடுகிறார்களே, அந்த நேரம் முழுக்க நடப்பது அதுதான். இந்தச் சந்துக்குள் போனால் எங்கே வரும், இந்த நி-யில் நின்றால் என்ன தெரியும் என்று பாடகர் நம்மையும் கூட்டிக்கொண்டு போகிறார். வயலின்காரர் ஓரடி பின்னால் நிழலாக வருகிறார். ஊர் தெரிந்தவருக்கு ஒவ்வொரு திருப்பமும் இன்பம். தெரியாதவருக்கு அது நீளமான நடை. சலிப்பு வருவதில் தவறே இல்லை. இன்னும் அந்த ஊருக்குப் பழகவில்லை, அவ்வளவுதான்.

இதை வைத்துச் சினிமாப் பாட்டைத் தாழ்த்திப் பேசுபவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றிய பழைய இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் பிடிக்கும். கர்நாடக வித்வான்களே அந்த அளவுக்குக் கீர்த்தனைகளைச் சுருக்கிப் பாடித் தட்டுகள் கொடுத்தார்கள். 1944இல் பாபநாசம் சிவன் எழுதி தியாகராஜ பாகவதர் பாடிய 'மன்மத லீலையை' சில நிமிடத்தில் சாருகேசி ராகத்தைப் பட்டிதொட்டியெங்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. பல்லவி, சரணம் என்ற சொற்களைக்கூடச் சினிமாப் பாட்டு அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டது. நான்கு நிமிடத்தில் ஒரு மனநிலையை முழுதாக எழுப்பி, ஒரு நொடியும் வீணாகாமல், சைக்கிள் கடையில் இருப்பவனும் முணுமுணுக்கும்படி முடிப்பது பெரிய வேலை. என் காதை வளர்த்தது அந்த வேலைதான்.

ஆனால் சினிமாப் பாட்டால் ஒன்றைச் செய்ய முடியாது. ஒரு சொல்லில் தங்க முடியாது. இதை எனக்குப் புரியவைத்தது கோபாலகிருஷ்ண பாரதியாரின் 'வருகலாமோ'. மாஞ்சி ராகம். சிதம்பரத்துக்குப் போக முடியாமல் தவித்த நந்தன், 'வருகலாமோ ஐயா' என்று இறைவனைக் கேட்கும் பாட்டு. மகளின் வகுப்பு ஆரம்பித்து இரண்டு வருடம் கழித்து, ஒரு மதியக் கச்சேரியில் அதைக் கேட்டேன். கூட்டம் முப்பது பேர் இருக்கலாம். பாடகி அந்த ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பப் பாடினார். முதல் முறை அது சாதாரண அனுமதி கேட்பதுபோல் இருந்தது. அடுத்த முறை 'லா'வில் சிறிய அசைவு ஒன்று சேர்ந்தது. அனுமதி கேட்கும் நந்தனுக்குக் கூச்சம் வந்துவிட்டது. மூன்றாவது முறை குரல் மேலே போகாமல் கீழே இறங்கியது. நந்தன் தலையைக் குனிந்துவிட்டான் என்று எனக்குத் தோன்றியது. பிறகு ஒருமுறை உரிமையோடு, பிறகு ஒருமுறை இனிக் கேட்க மாட்டேன் என்பதுபோல. சொல் மாறவில்லை, தாளத்தில் அது விழும் இடமும் மாறவில்லை. சங்கதி மட்டும், அதாவது அதே சொல்லைப் பாடும் விதம் மட்டும், மாறிக்கொண்டே இருந்தது. ஏற இறங்கப் பார்க்கப்பட்டு எழுந்துபோனவன் நான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

சினிமாவில் அந்தச் சொல் இரண்டு முறை வரும். மிக நன்றாகவே வரும். அடுத்த வரிக்குப் போயாக வேண்டும். அங்கே காட்சி காத்திருக்கிறது. கச்சேரியில் அப்படி யாரும் காத்திருக்கவில்லை. அதோடு, பதிவான பாட்டு ஆயிரம் முறை கேட்டாலும் அதே பாட்டு. அந்தப் பாடகி அதே 'வருகலாமோ'வை அடுத்த வருடம் வேறு சபாவில் பாடியபோது, அந்தத் தலை குனிந்த இடம் வரவே இல்லை, வேறொன்று வந்தது.

தாளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். புதுப் பாட்டுக்குப் பழகியவர்கள் உள்ளே நுழைய அதுதான் சுலபமான வழி. என் மகள் இப்போது ராப் நிறையக் கேட்கிறாள். எனக்கும் போட்டுக்காட்டுவாள். சொற்கள் தாளத்துக்கு முன்னும் பின்னும் நழுவி, சரியான அடியில் வந்து விழும் சுகத்தை அதில் நானும் உணர்கிறேன். அவளிடம் ஒருநாள் தனி ஆவர்த்தனத்தை, அதாவது பாட்டு நின்று மிருதங்கம் மட்டும் வாசிக்கும் பகுதியை, கையால் தாளம் போட்டுக்கொண்டே கேட்கச் சொன்னேன். ஆதி தாளம்: ஒரு தட்டு, சுண்டு விரலிலிருந்து மூன்று விரல் எண்ணிக்கை, பிறகு தட்டி ஒரு வீச்சு, மறுபடி தட்டி ஒரு வீச்சு. எட்டு. மிருதங்கக்காரர் அந்த எட்டுக்குள் ஐந்தாகவும் ஏழாகவும் சொற்களை அடுக்கிக்கொண்டே போனார். அவள் எண்ணிக்கை தடுமாறியது. கடைசியில் கோர்வையை, அதாவது முடிப்பதற்காகக் கோத்த சொற்கட்டை, மூன்று முறை வாசித்தார். மூன்றாவது முறை அது முடிந்த இடமும் அவள் கை தட்டிய இடமும் ஒன்றாக இருந்தன. "அப்பா!" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டாள். தொப்பியில், அதாவது மிருதங்கத்தின் இடது பக்கத்தில், கும்கி என்ற அந்த அடித்தொனி விழும்போது வயிற்றுக்குள் ஏதோ உருளுகிறது என்றாள். ஸ்பீக்கர் அதிரும்போது கிடைக்கும் அதே சுகம்தான். இங்கே ஒரு மனிதரின் இடது உள்ளங்கை அதைச் செய்கிறது.

மொழி புரியவில்லையே என்பது நியாயமான குறை. தமிழ்நாட்டுக் கச்சேரியில் தமிழ் கடைசியில் துக்கடா என்ற சிறு பாட்டாக மட்டும் வருவதை எதிர்த்து 1940களில் பெரிய இயக்கமே நடந்தது. 1943இல் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. எனக்கு இன்றும் அந்தப் பக்கம்தான் மனம் சாய்கிறது. தமிழில் கீர்த்தனைகள் இயற்றிய முத்துத் தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை மூவரும் தியாகராஜருக்கு முந்தையவர்கள் என்பதைப் படித்தபோது, இத்தனை வருடம் இதை வேறு தெருச் சொத்து என்று நினைத்திருந்தேனே என்று வருத்தமாக இருந்தது. தெலுங்குப் பாட்டை ராகத்துக்காகக் கேட்கிறேன், முழுமனதோடுதான் கேட்கிறேன். ஆனால் 'வருகலாமோ' எனக்குச் செய்ததை அவை செய்யவில்லை.

எல்லாக் கச்சேரியும் நன்றாக இருக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள். கைதட்டலுக்காக வேகம் வேகமாக ஸ்வரம் பாடுபவர்கள் இருக்கிறார்கள். ஒலிபெருக்கியை உச்சத்தில் வைத்து வயலினின் இழைவையே கொன்றுவிடும் அரங்குகள் இருக்கின்றன. சினிமாவில் பத்தில் எட்டுப் பாட்டு மறந்துபோவதுபோல் இங்கேயும் நடக்கும்.

உங்களுக்கு ஏற்கெனவே பிடித்த ஒரு சினிமாப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அது எந்த ராகம் என்று தேடுங்கள். அந்த ராகத்தில் ஒரே ஒரு கீர்த்தனையை மூன்று பேர் பாடிக் கேளுங்கள், ஒரு மாதம் வேறு ராகம் வேண்டாம். பிறகு மார்கழியில் ஒரு மதியக் கச்சேரிக்குப் போங்கள். பல சபாக்களில் மதியத்துக்கு டிக்கெட் கிடையாது. மிருதங்கக்காரர் இருக்கும் பக்கமாக, முன்வரிசையில் உட்காருங்கள். கச்சேரிக்கு முன் அவர் கல்லாலும் மரக்கட்டையாலும் விளிம்பைத் தட்டிச் சுருதி சேர்ப்பதிலிருந்தே கவனியுங்கள். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பாதிக் கூட்டம் காபிக்கு எழுந்துபோகும், நீங்கள் போகாதீர்கள். ராகம் தெரியாவிட்டால் பக்கத்து இருக்கைக்காரரைக் கேளுங்கள். அது நானாக இருந்தால் சொல்வேன். எனக்கும் தெரியாவிட்டால், இருவரும் சேர்ந்து முணுமுணுத்துப் பார்ப்போம்.