தேடுவதும் பத்துவதும்

அன்புள்ள ஐயா,

கோவையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறேன். எங்கள் வீட்டில் மணி என்றொரு நாட்டு நாய் உண்டு, ஐந்து வயது. தீபாவளி இரவில் மாடிப்படியில் யாரோ கொளுத்திப் போட்ட சரவெடிக்கு மிரண்டு, திறந்திருந்த வாயிற்கதவு வழியாக ஓடிவிட்டது. அன்றிரவே வாட்ஸ்அப் குழு ஒன்றைத் தொடங்கினோம். மறுநாள் மாலைக்குள் அதில் இருநூறு பேர் சேர்ந்துவிட்டார்கள். சுவரொட்டி அடித்தோம், 20,000 ரூபாய் பரிசு அறிவித்தோம், இளைஞர்கள் பைக்கில் தெருத்தெருவாகச் சுற்றினார்கள். என் மகள் மணியை அழைக்கும் குரலைப் பதிவுசெய்து ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ஓடவிட்டோம். ஒன்பதாம் நாள், நான்கு கிலோமீட்டர் தள்ளி, மூடிக் கிடக்கும் நூற்பாலை ஒன்றின் சுற்றுச்சுவர் ஓரம், துப்புரவு வேலை செய்யும் ஒரு அம்மா நாயைப் பிடித்துக் கொடுத்தார். சில நாட்களாகச் சோறு வைத்து வந்தாராம்.

என் மனத்தை உறுத்துவது இதுதான். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு இதே குடியிருப்பில் ஞாபகமறதி கொண்ட முதியவர் ஒருவர் காணாமல் போனபோது தேடப் போனவர்கள் ஆறே பேர். நாய்க்கு இருநூறு, மனிதருக்கு ஆறு. இது என்ன அறம்? நாய்க்கு இத்தனை ஆர்ப்பாட்டம் மேல்நாட்டு மோகம் என்று குழுவிலேயே ஒருவர் எழுதினார். மணிக்கு மைக்ரோசிப் போட்டிருந்தும் இருப்பிடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் போனது ஏன் என்பதும் விளங்கவில்லை. தெருநாய்கள் குறித்த உச்ச நீதிமன்ற உத்தரவைப் பற்றி உங்கள் கருத்தையும் அறிய விரும்புகிறேன்.

கே., கோவை

அன்புள்ள கே.,

மணி வீடு வந்து சேர்ந்ததில் மகிழ்ச்சி. உங்கள் மகளிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தில் சில விஷயங்களை முதலில் ஒதுக்கிவிடுகிறேன். 2025 ஆகஸ்டில், பதினோரு நாள் இடைவெளியில், டெல்லித் தெருநாய்களைப் பற்றி உச்ச நீதிமன்றம் இரண்டு விதமாக உத்தரவிட்டது. அது குறித்துக் கருத்துச் சொல்லாதவர்கள் நாட்டில் மிகக் குறைவு. அந்தச் சிறுபான்மையில் நானும் இருந்துவிட்டுப் போகிறேன். மேல்நாட்டு மோகம் என்று எழுதிய நண்பரைத் திருவண்ணாமலை மாவட்டத்து எடத்தனூர் நடுகல்லைப் பார்த்துவரச் சொல்லுங்கள். மகேந்திரவர்ம பல்லவன் காலத்தில், ஏழாம் நூற்றாண்டில், சண்டையில் மாண்ட வீரனோடு அவனுடைய நாயையும் சேர்த்துச் செதுக்கி, கள்ளனைக் கடித்துக் காத்து நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்று கல்லில் வெட்டிவைத்திருக்கிறார்கள். நாய்க்குப் பெயரிட்டு, அந்தப் பெயரை ஊரறியச் செய்ய நமக்கு மேலைநாட்டார் வந்து கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

மைக்ரோசிப் விஷயத்தில் உங்களைக் கடிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அரிசிமணி அளவுள்ள அந்தப் பொருளுக்குள் 15 இலக்க எண் ஒன்று இருக்கிறது, பேட்டரி கிடையாது, அது எங்கும் எந்தச் செய்தியையும் அனுப்புவதில்லை. படிக்கும் கருவியை நாயின் தோளருகே கொண்டுபோனால்தான் எண் தெரியும். அதாவது, நாய் யாருடையது என்பதை நாய் கிடைத்த பிறகு சொல்வதற்கான ஏற்பாடு அது. இத்தனை நாள் அது நாயின் ஊர்சுற்றலைக் கண்காணிக்கும் என்று நம்பி, கழுத்துப் பட்டையில் ஒரு தொலைபேசி எண்ணைக்கூட எழுதாமல் விட்டிருக்கிறீர்கள். பத்து ரூபாய் வேலை அது.

முதியவரைப் பற்றிய உங்கள் கேள்வி பெரியது. அதற்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன், உங்கள் கடிதத்தில் நீங்கள் பெருமையாகச் சொல்லியிருக்கும் இடம்தான் என்னை நிறுத்தி வைத்தது. இருநூறு பேர், பைக்குகள், ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ. மணியை நான்கு கிலோமீட்டர் தொலைவுக்குக் கொண்டுபோய் விட்டவர்கள் நீங்கள்தான் என்று நான் சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டீர்களே?

எனக்கு ஒன்பது வயதிருக்கும். கோவில்பட்டிக்குத் தெற்கே எங்கள் ஊரில், பங்குனிப் பொங்கலுக்கு அம்மன் கோவிலில் அதிர்வேட்டு போடுவார்கள். அந்த ஆண்டு போட்ட முதல் வேட்டிலேயே தாத்தாவின் நாய் கட்டியிருந்த கயிற்றை அறுத்துக்கொண்டு கண்மாய்ப் பக்கம் பாய்ந்துவிட்டது. சிப்பிப்பாறை வகை, நிறத்தை வைத்துச் செவலை என்று கூப்பிடுவோம். சிப்பிப்பாறை நாய் ஓடத் தொடங்கினால் மனிதன் பின்னால் ஓடுவதில் அர்த்தமில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் ஊர் ஓடியது. தாத்தாவுக்கு ஊரில் இருந்த மரியாதை அப்படி. சண்டைபோட்டுப் பேச்சுவார்த்தை அற்றுப்போயிருந்த பங்காளிகள்கூடப் பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். நாற்பது பேர் ஒரே குரலில் செவலை, செவலை என்று கத்திக்கொண்டு கரிசக்காட்டில் போனதை நான் வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்தேன். திருவிழாவைவிட அது நன்றாக இருந்தது.

முதல் நாள் செவலையைக் கண்மாய்க்கரையில் பார்த்தவர் உண்டு. இரண்டாம் நாள் ஓடைக்கு அந்தப் பக்கம். மூன்றாம் நாள் பக்கத்து ஊர்க்காரர் பருத்திமார் நின்ற ஒரு காட்டில். ஆட்கள் கூடக்கூட நாய் தள்ளித்தள்ளிப் போனது. நாய் தள்ளிப்போகப் போக இன்னும் ஆட்களைக் கூட்டினார்கள். அந்தப் பருத்திக்காட்டுக்கு அடுத்த புஞ்சையில் ஆட்டுக்கிடை போட்டிருந்த கீதாரி ஒருவர்தான் நான்காம் நாள் தாத்தாவை நிறுத்திக் கேட்டார்: "நாயைத் தேடுறீகளா, பத்துறீகளா?"

பத்துவது என்றால் எங்கள் பக்கத்தில் ஆடுமாடுகளை ஓட்டிக்கொண்டு போவது. நாற்பது பேர் வரிசையாக நின்று சத்தம்போட்டுக்கொண்டு நடந்தால் முன்னால் இருக்கிற எந்த உயிரும் அப்பால் போகும். கிடை ஆட்டை அவர் தினமும் அப்படித்தான் ஓட்டுகிறார். ஆட்டை ஓட்டத் தெரிந்தவருக்கு நாயை ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது.

இதை நீங்கள் கொஞ்சம் பொறுமையாக யோசிக்க வேண்டும். மனிதக் காதுக்கு 20,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் எட்டாது; நாய்க்கு ஏறக்குறைய 45,000 வரை எட்டும். நம் அரசு 2018 முதல் தீபாவளிக்குக் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் என்று வெடிக்க நேரம் வகுத்திருக்கிறது. அதை உங்கள் மாடிப்படியில் சரம் கொளுத்தியவர் படித்திருக்கமாட்டார். அந்தச் சத்தத்தில் மிரண்டு ஓடிய நாய் இரண்டொரு நாளில் வேறு பிராணியாகிவிடுகிறது. யார் பெயர்சொல்லிக் கூப்பிட்டாலும் அதற்கு அது துரத்துகிறவன் குரல்தான். சில நேரம் வளர்த்தவரைக் கண்டேகூட ஓடும். தெருவுக்குத் தெரு இருக்கிற நாய்கள் வேறு, வந்த நாயைத் தங்கள் எல்லையில் படுக்கவிடாமல் அடுத்த தெருவுக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். இந்த நிலையில் இருக்கும் நாயின் பின்னால், 20,000 ரூபாய்க்கு ஆசைப்பட்ட பையன்களை பைக்கில் அனுப்பியிருக்கிறீர்கள். ஒரு தெருவில் பதுங்கிக் கிடந்திருக்க வேண்டிய நாய், ஒவ்வொரு முறை யாரோ "அதோ மணி" என்று வண்டியைத் திருப்பும்போதும் ஒரு சாலையைக் கடந்திருக்கும். லாரியில் அடிபடாமல் இருந்தது உங்கள் குலதெய்வத்தின் கருணை. ஒலிபெருக்கியில் அலறிய உங்கள் மகளின் குரலை மணி கேட்டிருந்தால் அது என்னவாகக் கேட்டிருக்கும் என்று நினைக்கவே எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஊர் கூடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. உங்கள் கடிதம் வந்தபோது நான் நினைத்துக்கொண்டிருந்ததே ஊர் கூடித் தேடிய ஒரு நாயைத்தான். தெற்கு ஆஸ்திரேலியாவில் கங்காரு தீவு என்று ஒன்று இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்தைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல் பரப்பு, பெரும்பகுதி காடும் மேய்ச்சல் நிலமும். 2023 நவம்பரில் அங்கே முகாமிட்டிருந்த ஓர் இணையரின் நாய், வேலரி என்று பெயர், அடைத்து வைத்திருந்த தடுப்பிலிருந்து வெளியேறி ஓடிவிட்டது. டாக்ஸ்ஹண்ட் இனத்தில் மிகச் சிறிய வகை, 4 கிலோ எடை. நம் வீட்டு முயலைவிடக் கொஞ்சம் பெரிது என்று வைத்துக்கொள்ளுங்கள். கழுத்தில் இளஞ்சிவப்புப் பட்டை. தேடிப் பார்த்துக் கிடைக்காமல், செத்திருக்கும் என்று அழுதுவிட்டு அவர்கள் ஊர் திரும்பினார்கள். பல மாதங்கள் கழித்து, இளஞ்சிவப்புப் பட்டையோடு ஒரு குட்டை நாயைப் பார்த்தோம் என்று தீவில் ஒருவர், இன்னொருவர் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். ஆளையோ வண்டியையோ கண்டால் அது புதருக்குள் மறைந்துவிடுகிறது.

காங்காலா வனவிலங்கு மீட்பு அமைப்பைச் சேர்ந்த தன்னார்வலர்கள் அந்த வேலையை எடுத்துக்கொண்டார்கள். ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் உழைத்து, 5,000 கிலோமீட்டர் பயணம் செய்திருக்கிறார்கள். இவ்வளவும் நாயைத் துரத்துவதற்கு அல்ல. கேமராக்களை மாட்டிவைத்து, அது எப்போது எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்த்தவர்கள் நாயை நெருங்காமல் தகவலை மட்டும் சொன்னால் போதும் என்று தீவு மக்களைக் கேட்டுக்கொண்டார்கள். கூண்டு ஒன்றை அமைத்து உணவு வைத்தார்கள். வளர்த்த பெண் உடுத்திய சட்டையை வாங்கிக் கிழித்து, அந்தத் துணித் துண்டுகளின் வாசத்தைக் கூண்டு வரைக்கும் பரப்பினார்கள். கூண்டுக்குள் வந்த பிறகும் உடனே கதவை அடைக்கவில்லை. உள்மூலைக்குப் போய் அது அமைதியாகும் வரை காத்திருந்துதான் பொத்தானை அழுத்தினார்கள். பிறகு அமைப்பைச் சேர்ந்த பெண் ஒருவர் வளர்த்தவரின் துணியை அணிந்துகொண்டு உள்ளே போய், அது தானாக நெருங்கி வரும் வரை சும்மா உட்கார்ந்திருந்தார். 2025 ஏப்ரல் இறுதியில், 529ஆம் நாள் அது கிடைத்தது.

இந்தச் செய்தியைப் படித்தபோது நான் கரிசக்காட்டுக் கீதாரியைத்தான் நினைத்தேன். அவர் தாத்தாவிடம் கேட்டது இரண்டே பொருட்கள். தோளில் கிடந்த துவைக்காத துண்டு. கருவாடு பிசைந்த கம்மஞ்சோறு ஒரு சட்டி. இரண்டையும் பருத்திக்காட்டு ஓரத்து உடைமரத்தடியில் வைத்துவிட்டு எல்லாரையும் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். தாத்தா மட்டும் கிடையருகில் கட்டிலைப் போட்டு, மரத்துக்கு முதுகைக் காட்டிப் படுத்திருக்க வேண்டும். இருமல் வந்தாலும் திரும்பிப் பார்க்கக் கூடாது. ஊரில் பலருக்கு மனத்தாங்கல். நாலு நாள் அலைந்தவர்களை ஆட்டுக்காரன் பேச்சைக் கேட்டு விரட்டிவிட்டாரே என்று சொன்னார்கள். முதல் இரவு சட்டி காலியாகியிருந்தது, நரியாகவும் இருக்கலாம். இரண்டாம் இரவு துண்டு மரத்தடியிலிருந்து நாலு எட்டு நகர்ந்து, ஆள் படுத்தெழுந்த மாதிரி குழிந்து கிடந்ததாம். மூன்றாம் நாள் விடிகாலையில் தாத்தா கண்மாய்க்கரை வழியாக நடந்துவருவதைத் திண்ணையிலிருந்து நானே பார்த்தேன். தோளில் துண்டு இல்லை. அது செவலையின் கழுத்தைச் சுற்றி முடிச்சிட்டிருந்தது, முனை தாத்தாவின் கையில் தொங்கியது, இழுப்பு இல்லாமல்.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். வாட்ஸ்அப் குழுவையும் சுவரொட்டியையும் ஆட்டோவையும் வரிவரியாக எழுதிவிட்டு, நாயை மீட்டவருக்கு ஒதுக்கியிருப்பது கடைசியில் இரண்டே வாக்கியங்கள். பெயர் இல்லை. பரிசுத் தொகை அவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்று இல்லை. "சில நாட்களாகச் சோறு வைத்து வந்தாராம்" என்று அந்த "ஆம்" போட்டு முடித்துவிட்டீர்கள். அந்த "சில நாட்களாக" என்பதற்குள்தான் நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய அத்தனையும் இருக்கிறது. அவருக்கு வாட்ஸ்அப் இருந்திருக்காது. உங்கள் பரிசு அறிவிப்பைப் பார்த்தேயிருக்கமாட்டார் என்றுதான் நினைக்கிறேன். விடிவதற்கு முன் ஆளில்லாத தெருவில் வேலை தொடங்குகிறவர். எந்தச் சுவரோரம் எந்த நாய் புதிது என்று அவருக்குத் தெரியும். ஓடுகிற நாயை ஓடிப் பிடிக்க அவருக்கு நேரமும் இல்லை.

ஆறு பேர், இருநூறு பேர் கணக்கைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். முதியவருக்கு வந்திருக்க வேண்டிய 194 பேரை மணி திருடிக்கொண்டு போய்விடவில்லை. அவரைத் தேடப் போகாததற்கு நாயின் மேல் குற்றம் சாட்டிப் பயனில்லை. மற்றபடி அந்தக் கேள்விக்கு இன்னும் பொறுமையாக எழுத வேண்டும். அந்த முதியவர் கிடைத்தாரா என்பதைக்கூட நீங்கள் எழுதவில்லை என்பதை இப்போதுதான் கவனிக்கிறேன்.

அடுத்த கடிதத்தில் அதை எழுதுங்கள். அதற்கு முன் ஒருநாள் காலையில் மணியையும் கூட்டிக்கொண்டு அந்த நூற்பாலைச் சுவர்ப் பக்கம் போய், அந்த அம்மாவைப் பாருங்கள். மணிக்கு என்ன சோறு வைத்தார், எவ்வளவு தள்ளி உட்கார்ந்தார், எத்தனையாவது நாள் அது அவர் கையருகே வந்தது என்று கேட்டு எனக்கு எழுதுங்கள்.